பன்னிரண்டு தொட்டிகளும் பத்தரை மணி வண்டியும்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு ஒரே ஒரு வேதம்தான்: உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பது உள்ளே வரக் கூடாது. முப்பது வருடம் கதவு ரப்பர் மாற்றியே குடும்பம் நடத்திய மனிதர் வேறு எப்படித்தான் யோசிப்பார்?

அவர் மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். வீடு நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது தெருவில், மூன்றாம் மாடி. வேலை இல்லாத நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் குரலைக் கேட்டபடியே மதியச் சாப்பாட்டை முடிப்பார். வீட்டில் தன்னைத் திட்டும் அதே குரல் ஒலிபெருக்கியில் எப்படி இத்தனை மரியாதையாகப் பேசுகிறது என்பது அவருக்கு விளங்காத மர்மம்.

அந்தக் குரலைத்தான் நிமோனியா தின்றது. இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவளால் ஐந்து வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. ஆறாவது வார்த்தைக்கு முன்னால் இருமல் வந்து நின்றது. நிலைய மேலாளர் நல்லவர்தான், நேரில் வந்து பார்த்தார். ஆனால் பதிவு செய்த குரலில் பேசும் இயந்திரம் ஒன்று பெட்டி பிரிக்காமல் அவர் அறையில் வந்து உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு மாசம் பொறுத்துக்கிறேம்மா. பத்தரை மணி வண்டி அறிவிப்ப இருமாம முழுசாப் படிச்சிட்டீங்கன்னா அந்தப் பெட்டி வந்த வழியே போயிடும். இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல," என்றார்.

பத்தரை மணி வண்டி பதினோரு ஊரில் நிற்கும். நல்ல உடம்புக்காரர்களுக்கே அந்தப் பட்டியல் மூச்சு முட்டும்.

செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்று வாடிக்கையாளர் ஒருவர் போகிறபோக்கில் சொல்லி வைத்தார். மறுநாளே நம்மவர் பன்னிரண்டு தொட்டிகளைத் தூக்கி வந்து படுக்கையறையில் அடுக்கினார். மணி பிளான்ட், பாம்புச் செடி, கற்றாழை, பெயர் தெரியாத அகல இலைக்காரர்கள் நாலைந்து பேர். அதோடு விட்டாரா? பட்டறையில் மிச்சமிருந்த ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரை வெட்டி ஜன்னல் விளிம்பு முழுக்க ஒட்டினார்.

"என்னங்க... ஜன்னல் தொறக்க மாட்டேங்குது?"

"செடி பாடுபட்டு சுத்தம் பண்ற காத்து வெளிய போகலாமா? அதான்."

செடிகளுக்குத் தெம்பு வேண்டுமே என்று மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினார். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பார்கள், தண்ணீர் எம்மாத்திரம்? மூன்றாவது வாரம் தொட்டி மண்ணில் வெள்ளையாய் ஏதோ பூத்தது. சுவரில் ஈர வாடை. மனைவியின் ஐந்து வார்த்தை மூன்றாகச் சுருங்கியது. இவரோ இன்னும் நாலு தொட்டி வாங்கினால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார்.

மறுபரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். ரப்பர் கதை வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"செடி காத்தச் சுத்தம் பண்ணாதா டாக்டர்?"

"ஏதோ துளி பண்ணும்னு வெச்சுக்குங்க. ஜன்னல் பத்து நிமிஷத்துல பண்றத செடி பண்ணணும்னா வீட்டுக்குள்ள தோப்பே வேணும். நீங்க வளத்தது செடி இல்ல சார், பூஞ்சை. அதைத்தான் இவங்க ராத்திரி பகலா சுவாசிக்கிறாங்க."

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடறேன்," என்றார் நம்மவர்.

"எதுக்கு? பூத்த மண்ண மாத்துங்க, ஜன்னலத் தொறங்க. மண்ணு காஞ்ச பிறகு தண்ணி போதும். அதையும் இவங்களே ஊத்தட்டும், இலையத் தொடைக்கட்டும், வெளிச்சம் பாத்துத் தொட்டியத் திருப்பட்டும். படுத்தே கெடக்கிறவங்களுக்கு எழுந்திருக்க ஒரு காரணம் வேணும். பச்சையாத் தளிர் வர்றதப் பாத்தா மனசும் லேசாகும்."

வீட்டுக்கு வந்ததும் ரப்பரை உரித்தார். ஆசையோடு ஒட்டியது, அத்தனை சுலபத்தில் வரவில்லை. தன் கையாலேயே அவள் மூச்சை அடைத்துவிட்டோமே என்று வாய்விட்டே சொன்னார்.

"போதும், அந்த மூலைய... விட்டுட்டீங்க," என்றாள் அவள்.

தொட்டிகள் வீடு முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் பரவின. அவள் அவற்றுக்கு ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டாள். தொழில் புத்தி யாரை விட்டது? முதல் நாள் மூன்று தொட்டிகளோடு களைத்து உட்கார்ந்தாள். பத்தாம் நாள் பன்னிரண்டையும் சுற்றி வந்தாள், குவளையோடும் குரலோடும்.

"பயணிகளின் கவனத்திற்கு. மூன்றாவது தொட்டிக்குத் தண்ணீர் இன்னும் சில நிமிடங்களில் வந்து சேரும்."

அப்படியே பத்தரை மணி வண்டியின் ஊர்களையும் சேர்த்துக்கொண்டாள். நாளுக்கு ஒரு ஊராகப் பட்டியல் நீண்டது. ஏழாவது ஊரில் இருமல் வழிமறித்து ஒரு வாரம் நகரவிடவில்லை. "போதும், படுத்துக்கோ," என்று இவர் கெஞ்சினார். அவள் பாம்புச் செடியைத் துடைத்துக்கொண்டே மறுபடி முதல் ஊரிலிருந்து ஆரம்பித்தாள். மருந்து பாதி, மூச்சுப் பயிற்சி பாதி என்பார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு தொட்டிக்காரர்களைக் குறைத்துச் சொல்ல இவருக்கு மனம் வரவில்லை.

கெடு நாள் வந்தது. கூட வருகிறேன் என்றவரை அவள் வர வேண்டாம் என்றாள். "உங்க முகத்தப் பாத்தா எனக்கும் நடுக்கம் வரும்."

பத்து மணியிலிருந்தே ஜன்னலோரம் நின்றார். பத்து இருபதுக்கு ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கவனத்திற்கு." அவள்தான். ஒவ்வொரு ஊராக வந்தது. ஏழாவதும் கடந்தது. பதினொன்றும் முடிந்தது. இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "...செல்லும் வண்டி இன்னும் சில நிமிடங்களில் மூன்றாவது தொட்டிக்கு வந்து சேரும்."

போச்சு. எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்தார். நிலையத்தில் யாரோ சிரிப்பது தெருவரை கேட்டது.

"மன்னிக்கவும்," என்றது குரல். இருமலுக்காகக் காதைத் தீட்டினார். வரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே பதினோரு ஊர், ஒன்று விடாமல், அவசரப்படாமல். "...மூன்றாவது நடைமேடைக்கு வந்து சேரும்."

இரண்டு தடவை. ஐந்து வார்த்தைக்குத் தவித்தவள், அடுத்தடுத்து இரண்டு தடவை. இதற்கு மேல் அந்த மேலாளருக்கு என்ன பரீட்சை வேண்டும்? இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தொட்டியிடம் போனார். மண்ணைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. குவளையை எடுத்தவர், அவள் வந்து ஊற்றட்டும் என்று திரும்ப வைத்துவிட்டார்.