தேக்கு மரத்தடியில் கிடந்த கறுப்பு மணிகள்

கீரமங்கலத்துக்குத் தெற்கே சொர்ணவல்லிக்கு அறுபது தேக்கு மரங்கள் இருந்தன. புருசன் நட்டு வளர்த்தவை. அவர் செத்துப்போன இந்த மூன்று வருசமாக அவள்தான் காவல். 1959 ஆனி மாதம், கோடை மழைக்குத் துளிர்த்த இலையெல்லாம் எட்டே நாளில் நரம்பு மட்டும் மிஞ்சி நின்றதைப் பார்த்ததும், கொழுந்தன் நாகராசுவின் மேல்தான் அவளுக்குச் சந்தேகம் விழுந்தது.

காரணம் இருந்தது. முந்தின நாள் அவன் வந்து, "மதினி, மரமெல்லாம் பட்டுப்போவுது. காஞ்சுட்டா வெறகு வெலைக்குக்கூடப் போகாது. யாவாரி ஒருத்தரை வெள்ளிக்கெழமை கூட்டியாரேன்" என்றிருந்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். விற்றால் தரகுக் காசு அவனுக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

சொர்ணவல்லி தோப்புக்குள் போய் ஒவ்வொரு தூராகக் குனிந்து பார்த்தாள். சருகின் மேல் கடுகு கடுகாகக் கறுப்பு மணிகள் இறைந்து கிடந்தன. எந்த மரம் அதிகம் மொட்டையோ, அதனடியில் அதிகம். மருந்து வைத்துவிட்டான் பாவி! ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். வழியில் நாகராசுவின் பெண்டாட்டி உண்ணாமலை, "வாங்கக்கா, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். அந்த வீட்டு மோரைத் தொடக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

சைக்கிளில் வந்த, விவசாயத்துக்கு யோசனை சொல்லும் அரசாங்க ஊழியரான கிராம சேவக் சந்தனராஜை ரோட்டிலேயே மறித்து முடிச்சை அவிழ்த்தாள். "இது என்ன வெசம் சார்?"

ஆவூர்க்காரரான அவர் ஒரு மணியை நசுக்கி மோந்து பார்த்தார். "வெசமில்லைங்கம்மா. புழு போட்ட எச்சம்."

அவள் நம்பவில்லை. இவரையும் கைக்குள் போட்டுக்கொண்டானோ?

சந்தனராஜ் அவளைத் தோப்புக்கே கூட்டிப்போய்ச் சும்மா நிற்கச் சொன்னார். வானத்தில் மேகமில்லை, ஆனால் தலைக்கு மேலே தூறல் விழுவதுபோல் சடசடவென்று சத்தம். தாழ்ந்த கிளையொன்றில் மிச்சமிருந்த இலையின் மடிந்த விளிம்பை அவர் பிரித்தார். உள்ளே கறுத்த புழு நெளிந்தது. அதன் எச்சம் உதிரும் சத்தம்தான் அந்தத் தூறல்.

"அந்துப்பூச்சி முட்டை வச்சு வந்த புழு. இதுக்கெல்லாம் தேக்கு சாவாது, ஒரு மாசத்துல திரும்பத் துளுத்துரும். மருந்தடிக்க அம்புட்டு ஒசரம் எட்டாது. புழு நூல் விட்டு எறங்கி சருகுக்குள்ள கூடு கட்டும். சருகைக் கூட்டிக் கொளுத்துங்க, அடுத்த தடவை பூச்சி கொறையும்" என்றவர், "போன வாரமே ஒங்க கொழுந்தனாருகிட்ட சொன்னேனே. மதினிகிட்ட சொல்லிடுறேன்னாரே?" என்றார்.

சொர்ணவல்லி இரண்டு பெண்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டு மூன்று நாள் சருகு கூட்டினாள். தோப்புக்கு வெளியே குவித்துக் கொளுத்தினாள்.

வெள்ளிக்கிழமை நாகராசு வியாபாரியோடு வந்தான். அவள் வரப்பை மறித்து நின்றாள்.

"சேவக் சொன்னதை ஏன் தம்பி எங்கிட்டச் சொல்லலை?"

"மறந்துட்டேன் மதினி."

"மரம் பட்டுப்போவுதுன்னு சொல்ல மட்டும் மறக்கலையோ?"

வியாபாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சைக்கிளைத் திருப்பினார்.

ஆடி முடியும் முன்பே கிளைகளில் மறுபடி பச்சை ஏறியது. மருந்து வைத்தான் என்று நினைத்ததற்காகச் சொர்ணவல்லிக்கு உள்ளூரக் கூச்சம்தான். ஆனால் தோப்புக்குள் அவனை அவள் பிறகு விடவே இல்லை. ஒருநாள் உண்ணாமலை வந்து, "சேவக் சொன்னதை அவரு ஒங்ககிட்ட சொல்லிட்டாருன்னுதான்க்கா நெனச்சேன். சத்தியமா" என்றாள். சொர்ணவல்லி அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று அவளால் முடிவுக்கு வர முடியவில்லை.