சிக்னல் வரும்வரை

…மதியத்துக்குள் வந்துவிடும் என்றுதான் டவர்காரர் சொன்னார், எந்த மதியம் என்று அவரிடம் யார் கேட்டார்கள், போன மாதமும் இப்படித்தான், ஒரே ஒரு கார்டு மாத்தணும்மா, மாத்திட்டா ஜம்முனு இருக்கும் என்று கையைத் தட்டிவிட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார், ஜம்மென்று போனது அவருடைய வண்டி மட்டும்தான், அதன் பிறகு ஆளையே காணவில்லை, இன்றைக்கு மறுபடியும் வந்திருக்கிறார், டவருக்குக் கீழே இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ குடைகிறார்… அவள் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு, அதன் முனையை ஊசியால் மெல்லக் குத்தி வெளியே எடுத்தாள், அவசரப்பட்டால் துணி பிரிந்துவிடும், மெஷினுக்குப் பக்கத்தில் ஜன்னல் கட்டையில் போன் கிடந்தது, கோடுகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி, அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தால்தான் கண் நேரே அங்கே போகிறது. கூடத்திலிருந்து மாமியார், ஏம்மா, வந்துடுச்சா, என்றாள். இன்னும் இல்ல அத்தை. வந்தா சொல்லு. சொல்றேன் அத்தை. காலையில் எழுந்ததும் தலை வாரிவிடச் சொல்லி, நல்ல புடவை எடுத்துக் கட்டிக்கொண்டு, வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை, இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து வாசலைத் தாண்டாதவள், மகன் முகத்தைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான், அதில் என்ன தப்பு, ஒரு தப்பும் இல்லை, ஆனால் அந்த நாற்காலியைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் யாரோ முந்தானையைப் பிடித்து இழுப்பது போல ஏன் இருக்கிறது…

மூடிப்போன ஆலைக்குப் பின்னால், பள்ளத்தில், ஒன்றோடொன்று முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகள், சிக்னல் தலைக்கு மேலேயே போய்விடுகிறதாம், இறங்கி வர அதற்கு மனசில்லையாம், இத்தனை பேருக்காக ஒரு டவரா என்று கம்பெனிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னாள், அவளுக்கு இந்தத் தெருவில் ரேடியோ என்று பேர், பிறகு எப்படியோ மனசு இளகி, சிவப்பும் வெள்ளையுமாக ஒன்றை நட்டார்கள், நட்டதோடு சரி, காக்கைகளுக்குத்தான் உபயோகம். பேசவேண்டும் என்றால் தண்ணீர்த்தொட்டிப் படிக்குத்தான் போகவேண்டும், மேல்படியில், சுவரோரமாக, முகத்தை ஆலைப்பக்கம் திருப்பி நின்றால் கிடைக்கும், கொஞ்சம் அசைந்தால் போய்விடும், சாயங்காலமானால் படி நெடுகக் கூட்டம், ஒருத்தர் பேசுவதை எல்லாரும் கேட்டாகவேண்டும், எலக்ட்ரீஷியன் தன் மச்சானோடு சண்டை போட்டதையும், சமாதானமானதையும், மறுபடி சண்டை போட்டதையும் எல்லாரும்தான் கேட்டார்கள், அவர் போனை வைத்ததும், கடைசியா நீங்க சொன்னது கொஞ்சம் ஓவர்ங்க, என்று கீழ்ப்படியிலிருந்து ஒருவர் தீர்ப்பே சொன்னார், அன்றைக்கு அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், வீட்டில் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று… அந்தப் படியில் நின்று புருஷனிடம் எதைத்தான் சொல்வது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், அத்தை நல்லா இருக்காங்க, மாத்திரை வாங்கியாச்சு. தூரத்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், நாளெல்லாம் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவர், கீழே இறங்கினதும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார், அதட்டமாட்டார், குத்திக்காட்டமாட்டார், கெட்டவராக இருந்திருந்தால்கூட எவ்வளவு சுலபம் என்று சில நேரம் தோன்றும், சே, என்ன நினைப்பு இது, கீழ்நூல் தீர்ந்துவிட்டது, பாபினைக் கழற்றி வேறு நூல் சுற்றவேண்டும்.

ஒல்லி போனவாரம்தான் கடைசியாகச் சொன்னாள், தையல் வகுப்பில் பக்கத்து மெஷின்காரி, இப்போது நகரத்தில் சொந்தமாக ஒரு யூனிட் வைத்திருக்கிறாள், குழந்தைகள் துணி, ஏற்றுமதி, கட்டிங் டேபிள் உன்னோடதுடீ, நீ வெட்டினா துணி சொன்ன பேச்சு கேக்கும், மேல ஒரு ரூம் இருக்கு, அத்தையையும் கூட்டிட்டு வா, உன் நாத்தனார் வீடும் பக்கம்தானே, இதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது, ஒரு வாரத்துக்குள்ள சொல்லாட்டி வேற ஆளைப் போட்டுடுவேன், கோவிச்சுக்காதே, அந்த வாரம் இன்றோடு முடிகிறது. கோபிப்பதா, ஒல்லி மாதக்கணக்காகக் காத்திருக்கிறாள், இவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன், லைன் சரியில்லடீ, டவர் வந்துடட்டும், நிதானமாப் பேசிடறேன்… ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னாள். அவரிடமும் அதேதான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், என்னம்மா சொல்லு, இங்க லைன் சரியில்லங்க, அப்புறம் சொல்றேன். பாபினில் நூல் விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது, அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், சரியில்லையா, உண்மையிலேயே சரியில்லாமலா இருந்தது, அதே படியில்தானே எலக்ட்ரீஷியன் ஒரு கல்யாணத்தையே பேசி முடித்தார், அவருக்கு மட்டும் எப்படி அவ்வளவு தெளிவாக… ஏம்மா, வந்துடுச்சா. இல்ல அத்தை. என்னமோ சத்தம் கேட்டுச்சே. மெஷின் சத்தம் அத்தை.

அப்போதுதான் தெருவில் ஒரு கூச்சல், ரேடியோ அக்காவின் குரல்தான் முதலில், வந்துடுச்சுடி, வீட்டுக்குள்ளேயே வருதுடி, பிறகு அங்கங்கே கதவு திறக்கும் சத்தம், யாரோ விசிலடித்தார்கள், ஜன்னல் கட்டையில் போன் ஒருமுறை சிலிர்த்தது, உடனே நிறுத்தாமல் அதிர ஆரம்பித்து, மெல்ல நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டது, விழுவதற்குள் பிடித்தாள், பெருக்கல் குறி இருந்த இடத்தில் வரிசையாகக் கோடுகள், ஒன்றுகூடக் குறையவில்லை, வராமல் தேங்கிக் கிடந்த சேதியெல்லாம் கொட்டியது, ஒல்லி எப்போதோ அனுப்பிய படம் ஒன்று, நீளமான மேஜை, அதன்மேல் விரித்துப் போட்ட மஞ்சள் துணி, பக்கத்தில் ஆளில்லாத ஒரு முக்காலி… முழுதாகப் பார்ப்பதற்குள் திரையில் புருஷனின் முகம் வந்துவிட்டது, அவர் கூப்பிடுகிறார், முகத்தோடு கூப்பிடுகிறார், யார் சொன்னார்கள் அவருக்கு, ரேடியோ அக்காவின் அலை அவ்வளவு தூரம் போகிறதா என்ன.

கூடத்துக்குக் கொண்டுபோய் மாமியார் கையில் கொடுத்தாள். மாமியார் போனைக் கண்ணுக்கு அருகில் வைத்து, பிறகு தள்ளிப் பிடித்து, இளைச்சுட்டியேப்பா, என்று அழ ஆரம்பித்தாள், அழுதுகொண்டே சிரித்தாள், அவர் ஏதோ கேலி சொன்னார், திரைக்குள் அவருடைய பற்கள் தெரிந்தன, நெற்றி முன்பைவிட அகலமாகிவிட்டது, பாவம். அம்மா, இனிமே பயமில்ல, ஒரு கேமரா வாங்கி அனுப்பிட்டேன், கூடத்துச் சுவர்ல மாட்டிட்டா போதும், நான் இங்கேயிருந்தே வீட்டைப் பாத்துக்கலாம், நீ விழுந்தாலும் தெரியும், எழுந்தாலும் தெரியும், கூண்டுல தனியா உக்காந்திருக்கேன்ல, உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே வேலை பாப்பேன். நல்லதாப் போச்சுப்பா, என்றாள் மாமியார். அவள் அந்தச் சுவரைப் பார்த்தாள், எந்த இடத்தில் மாட்டுவார்கள், நாள்காட்டிக்கு மேலேயா, அங்கே மாட்டினால் மெஷின் தெரியும், சமையலறை வாசல் தெரியும், அவள் எழுந்து போவது வருவது எல்லாம் தெரியும், ஒரு மனுஷர் அன்பாக, தனிமையில், பார்த்துக்கொண்டே இருப்பார், இனிமேல் யார் தொட்டிப் படிக்குப் போகப்போகிறார்கள், எதற்காகப் போகவேண்டும், எல்லாம்தான் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதே…

இந்தாம்மா, உன்கிட்ட பேசணுமாம். போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள், வீடியோவை நிறுத்திவிட்டுக் காதில் வைத்தாள், அவர் குரல் பக்கத்தில் நின்று பேசுவது போல இருந்தது, இவ்வளவு கிட்டத்தில் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. ஏம்மா, என்னமோ சொல்லணும் சொல்லணும்னு சொல்லிக்கிட்டே இருந்தியே, இப்ப சொல்லு, இன்னைக்குத்தான் லைன் ஜோரா இருக்கே. அவள் வாயைத் திறந்தாள். ஒல்லி, கட்டிங் டேபிள், மேல் ரூம், எல்லா வார்த்தையும் வரிசையாக நின்றன, படிக்கூட்டம் போல, யார் முதலில் போவது என்று ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு. அவருடைய அறையில் மின்விசிறி சுற்றுவது கேட்டது, யாரோ பக்கெட்டை நகர்த்தினார்கள், அவர் மூச்சுவிடுவதும் கேட்டது, இப்போது அறுந்துவிடும், இப்போது அறுந்துவிடும் என்று காத்திருந்தாள், எப்போதும் இந்த இடத்தில்தானே அறுந்துபோகும்… அறுந்துபோனதா, இல்லை, ஒருமுறைகூட அதுவாக அறுந்ததில்லையோ. கூடத்தில் மாமியார் பக்கத்து வீட்டாரிடம் மகன் சிரித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னம்மா, சத்தத்தையே காணோம், லைன் போயிடுச்சா, என்றார் அவர்.

ஆமாங்க என்று சொன்னால் முடிந்தது, நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அவள் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க, லைன் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அந்தப் பக்கம் மின்விசிறி நின்றது, அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும், நன்றாகக் கேட்கவேண்டும் என்று.