மடக்கிப் பிடித்தனர்

ஆக்னஸ் அம்பத்தூர் நிருபராக இருந்த மாலைப் பத்திரிகையில் யாரையும் சும்மா கைது செய்துவிட மாட்டார்கள். சங்கிலி பறித்தவனோ சேவல் திருடியவனோ, போலீசார் அவனை 'மடக்கிப் பிடித்தனர்' என்றுதான் அச்சாகும். விட்டால் பிறந்த குழந்தையைக்கூட நர்ஸ் மடக்கிப் பிடித்தார் என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால்தான் செய்தியில் உயிர் இருக்கும் என்பார் செய்தி ஆசிரியர் ராகவன்.

மேனாம்பேட்டில் தண்ணீர் லாரி ஒன்று பைக்கில் மோதியதாக ஸ்டேஷனிலிருந்து வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. 'ஒருவர் காயம். டிரைவர் உத்தமன் கைது.' அவ்வளவுதான். ஆக்னஸ் நேரில் போகவில்லை. பழக்கதோஷம், கை தன்பாட்டுக்கு எழுதியது: 'தப்பியோட முயன்ற டிரைவரை போலீசார் மடக்கிப் பிடித்தனர்.'

செய்தி வந்த மறுநாள் உத்தமனின் மனைவி புஷ்பா பேப்பரும் கையுமாகப் பத்திரிகை ஆபீசில் வந்து நின்றாள்.

"எங்க ஊட்டுக்காரு எங்க மேடம் ஓடுனாரு? அடிபட்டவர ஆட்டோல ஏத்திகினு ஆஸ்பத்திரிக்குப் போனதே அவருதான். அப்பால அவரா ஸ்டேஷன்ல போய் நின்னாரு. ஜாமீன்ல வந்துட்டாரு. இப்ப இத்தப் பாத்துட்டு ஓனரு, ஓடிப்போற ஆளுகிட்ட வண்டி குடுக்க மாட்டேன்றாரு."

ஆக்னஸுக்குச் சுருக்கென்றது. அடிபட்டவரின் மனைவி ஷர்மிளாவுக்குப் போன் செய்தாள். "அந்த டிரைவர் இல்லாட்டி என் வீட்டுக்காரர் பொழச்சிருக்க மாட்டாருங்க" என்றாள் ஷர்மிளா.

வெட்கம் பிடுங்கித் தின்ன, ராகவனிடம் போய்த் திருத்தம் போடச் சொல்லிக் கேட்டாள்.

"திருத்தம் போட்டா நம்ம மானம் போயிடும்மா. புதுசா நல்ல செய்தியா ஒண்ணு எழுதிக் குடு, போட்டுடலாம்."

எழுதினாள். உத்தமன் ஆட்டோ பிடித்தது, ஷர்மிளா சொன்னது, அவராகவே ஸ்டேஷனுக்குப் போனது, ஒன்றையும் விடவில்லை. பேப்பர் வந்ததும் பிரித்துக்கூடப் பார்க்காமல், புஷ்பாவைக் கூட்டிக்கொண்டு பாடியில் ஓனர் ரகுநாதனின் லாரி ஷெட்டுக்கே போய்விட்டாள்.

ரகுநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நடுவில் நல்லவிதமாகத் தலையை ஆட்டினார். புஷ்பாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. கடைசி வரியில் விரலை வைத்து ஆக்னஸிடம் பேப்பரை நீட்டினார்.

மற்றதெல்லாம் அவள் எழுதியபடியே இருந்தது. கீழே கொஞ்சம் இடம் மிஞ்சியிருக்கிறது. அதை நிரப்ப, ஆபீசில் செய்தி திருத்தும் டெஸ்கில் எந்தப் புண்ணியவானோ பழைய செய்தியைப் பார்த்து ஒரு வரி சேர்த்துவிட்டான்: 'முன்னதாக, தப்பியோட முயன்ற உத்தமனை போலீசார் மடக்கிப் பிடித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.'

"இது தப்புங்க" என்றாள் ஆக்னஸ். "அன்னைக்கு நான் அங்க போகவே இல்ல. அவர் ஓடவே இல்ல. அந்த வரி நானா எழுதுனது."

"நீ சொல்றம்மா. ஆனா பேப்பர்ல ரெண்டு வாட்டி வந்துகீதே" என்றார் ரகுநாதன்.

உத்தமன் ஓட்டிய லாரியை வேறொரு டிரைவர் ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். புஷ்பா ஒதுங்கி நின்று லாரிக்கு வழிவிட்டாள்.