இருபத்தாறாம் தாள் வரை

என் பெயர் வெள்ளைத்துரை. ஆதார் அட்டைப்படி வயது இருபத்து நான்கு. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி அறையில் அறைத்தோழன் அமீனோடு இருக்கிறேன். எழுதத் தெம்பில்லை, போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. கையில் காசு தீரும் அன்றைக்கே எனக்கு மாதமும் தீர்ந்துவிடுகிறது. அன்று படுத்தால் எழுவது அடுத்த மாதம் ஒன்றாம் தேதி காலையில்தான். நடுவில் என் பாயில் ஆள் இருக்காது என்கிறான் அமீன். அந்த நாட்களில் அதன் மேல் துணி காயப்போட்டுக்கொள்வான்.

சென்னைக்கு வந்த மூன்று வருடமாக இப்படித்தான். முதலில் மாதம் இருபத்திரண்டு வரை வந்தது. நான் வேலை பார்க்கும் தி.நகர் பாத்திரக் கடையில் வராத நாளுக்கெல்லாம் சம்பளம் பிடித்தார்கள், அதனால் அடுத்த மாதம் பத்தொன்பதோடு நின்றது, அப்புறம் பதினாறு. வீட்டுக்கு அனுப்புவதை ஒன்றாம் தேதியே அனுப்பிவிடுவேன். மீதிதான் எங்கே போகிறதென்று தெரியாது. போனைக் காட்டினால் டீக்கடைப் பெட்டி தொகையைச் சொல்லும், அதற்குள் நான் அடுத்த பஜ்ஜியை எடுத்திருப்பேன். கூட நிற்பவர்களுக்கும் நானே கொடுப்பேன். கடைக்கார லாரன்ஸ் அண்ணன், "இன்னா நைனா, உனுக்கு மாசம் முட்ஞ்சிட்ச்சா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்ப்பார். அமீனிடம் ஐம்பது ரூபாய் வாங்கிப் பார்த்தேன். கடன் காசுக்கு நாள் வரவில்லை. ஒன்றாம் தேதி எழுந்தபோது நோட்டு சட்டைப் பையில் அப்படியே இருந்தது.

ஜனவரி இருபத்து நான்கில் ஊரில் என் அக்கா தங்கபுஷ்பம் மகளுக்குக் காதுகுத்து வைத்தாள். எனக்கு அந்த நாள் வரவில்லை. ஆசாரி வந்து உட்கார்ந்திருந்து, சோறு ஆறி, எல்லாரும் திரும்பிப் போனார்கள். ஒன்றாம் தேதி போன் செய்தேன். அக்கா திட்டவில்லை. "ஏல, மாமன் மடி இல்லாம பிள்ளைக்கு எப்படிலே காது குத்த?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கே சம்பளத்தை நோட்டாக எடுத்தேன். தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் அந்த நாளின் காசைக் குண்டூசியால் குத்தினேன். நாளைய காசு வேண்டுமென்றால் நாளையைக் கிழிக்க வேண்டும். ஒருமுறை கிழித்தேன், பெசன்ட் நகர் கடற்கரையில் மீன் வறுவலுக்காக. வியாழன் முடிந்து சனிக்கிழமை விடிந்தது. அதன் பிறகு கிழிக்கவில்லை. டீ ஒன்று, எனக்கு மட்டும். "கஞ்சனா ஆய்ட்டியே நைனா" என்ற லாரன்ஸ் அண்ணன் கிளாஸைத் தளும்ப ஊற்றினார். மாதம் பதினெட்டானது, இருபத்தொன்றானது.

இந்த மாதம் இருபத்தாறாம் தாள் வரை நோட்டு இருக்கிறது. ஊருக்குப் போகும் பஸ் காசும் இருபத்தைந்தில் குத்தியிருக்கிறது. வீட்டுக்கு அனுப்புவதைக் குறைத்தால் இன்னும் நாலு நாள் வரும் என்றான் அமீன். அதில்தான் பாப்பாவுக்குக் கம்மல் எடுக்கிறார்கள். இனிக் குறைக்க டீ ஒன்றுதான் பாக்கி, நேற்றிலிருந்து அதையும் விட்டேன். அப்படியும் இருபத்தேழு வரவில்லை.

அக்கா மறுபடி காதுகுத்தை இருபத்தேழுக்கு வைத்திருக்கிறாள். நான் கேட்டால், குறித்த நாளை மாற்றக் கூடாது என்கிறாள். இருபத்தாறில் நான் இருக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள், நாள் குறித்தவரிடம் கேட்டு, காதுகுத்தை ஒரு நாள் முன்னால் வைக்கச் சொல்லுங்கள்.