சாவி ஒப்படைப்பு

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த அந்த அழைப்பிதழை மூன்று முறை படித்தேன். முதல் நிகழ்ச்சி, மௌன அஞ்சலி. இரண்டாவது, நிறுவனத் துணைத் தலைவரின் உரை. மூன்றாவது, மறைந்தவரின் சகோதரி சாவியை நிறுவனத்திடம் ஒப்படைத்தல். நான்காவது, தேநீர்.

மூன்றாவதைப் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் காது சூடானது.

சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. ஒரு சின்னக் கோப்பு. நான் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் கருவிகள் பழையவை. அவை துப்பும் எண்களை மருத்துவர் படிக்கிற அறிக்கையாக மாற்றித் தருவது ஓர் இலவச மென்பொருள். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். பதினோரு வருடமாக அதைக் கட்டிக் காத்தவர் ஒருவர். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அந்தச் சாவியைக் கொண்டு அதில் டிஜிட்டல் கையெழுத்துப் போடுவார். எந்த ஊர்க் கணினியும் அந்தக் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் பதிப்பை ஏற்கும். அவர் பார்த்துவிட்டார், அவர் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம்.

அவரைக் கெட்டில் என்றுதான் கூப்பிடுவோம். அவரையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு நாட்டில் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். அவர் என் ஊரிலேயே இருந்தார் என்பது அவர் இறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தன் முகத்துக்குப் பதிலாக ஒரு கெட்டிலின் படத்தைப் போட்டிருந்தார். குரலைக்கூட யாரும் கேட்டதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. நேரில் பேச வராத ஆள் நான். ஒருமுறை பொட்டாசியம் கணக்கில் தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுகிறது என்று எழுதினேன். வாய்ப்பே இல்லை என்றார். நாற்பது மாதிரிகளின் எண்களை அனுப்பினேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. பிறகு புதிய பதிப்பின் குறிப்பில் எல்லோரும் பார்க்க எழுதினார்: "தவறு என்னுடையது. இந்தப் பெண் சொன்னதே சரி. விட்டிருந்தால் யாருக்கோ தப்பான ஊசி போயிருக்கும்." நான் பார்த்த மேலதிகாரிகளில் ஒருவர்கூட அப்படி ஒரு வரி எழுதியதில்லை.

கருவிகளை விற்கும் நிறுவனம் இந்த மென்பொருளையும் சேர்த்து அனுப்புகிறது. அதில் தப்பில்லை, உரிமம் அனுமதிக்கிறது. ஆனால் அவர் இறந்த எட்டாவது நாளே அவருடைய அக்காவுக்குக் கடிதம் போட்டார்கள். இனி வரும் பதிப்புகளை நிறுவனமே தயாரிக்குமாம். கையெழுத்து மட்டும் அவருடையதாகவே இருக்கட்டுமாம். 'வாடிக்கையாளர்களின் நம்பிக்கை தடையின்றித் தொடர வேண்டும்.' செத்துப்போனவரின் கையைப் பிடித்துத் தங்கள் காகிதத்தில் கையெழுத்து வாங்குவதற்கு இவ்வளவு அழகான வாக்கியம்.

அக்கா தையல் வேலை செய்பவர். தம்பியின் மின்னஞ்சல்களில் என் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டார்.

"அவனோட எழுதிட்டிருந்த பொண்ணு நீதானே? இந்தக் கம்பெனிக்காரங்க என்னமோ சாவி கேக்கறாங்க. பென் டிரைவ்ல இருக்கு. குடுத்துரட்டுமா?"

"வேண்டாம்க்கா."

"ஏன்?"

"அது... அவரோட கையெழுத்து."

"என்னம்மா, கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. சத்தமா சொல்லு."

எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"இங்க பாரு. பதினோரு வருஷமா வேலை விட்டு வந்ததும் அந்தப் பொட்டி முன்னாடி உக்காருவான். உனக்கு வேற பொழப்பே இல்லையாடான்னு நான் திட்டாத நாள் இல்ல. இன்னைக்கு ஒரு பெரிய கம்பெனி அவனுக்காகக் கூட்டம் போடுது. இப்பத்தான் அவன ஒரு ஆளா மதிக்கறாங்க. அதப் போய் வேணாங்கறியே."

அன்றே ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. அதனால்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

நிறுவனத்தின் ஏழாவது மாடிக் கூடம். கம்பளம், ஏசிக் குளிர், வரிசையாக நாற்காலிகள். மேடையில் ஆளுயரப் படம் ஒன்று. கண்ணாடி போட்டு, முன்நெற்றி வழுக்கையோடு, பல் தெரியச் சிரிக்கும் மனிதர். இவர்தானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். 'தவறு என்னுடையது' என்று எழுதியபோது இந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற நிறுவன மேலாளர் டிஷ்யூ ஒன்றை நீட்டினார்.

"ரொம்ப க்ளோஸா?"

தலையாட்டினேன்.

"எங்களுக்கும்தான். எங்க குடும்பத்துல ஒருத்தர் அவர்."

அப்போது ஓர் அம்மாள் தோள் பையோடு உள்ளே வந்தார். மேலாளர் ஓடிப்போய் வரவேற்றதிலிருந்து அக்கா என்று தெரிந்தது. அவர் படத்துக்கு எதிரே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது யாரு?"

"மேடம்?" மேலாளரின் புன்னகை இன்னும் மாறவில்லை.

"இது என் தம்பி இல்ல. யாருன்னு கேக்கறேன்."

மேலாளர் படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "இன்டர்நெட்ல அவர் பேரப் போட்டுத் தேடினதுல... டிசைன் டீம் பண்ணினது, மேடம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? சாவி கேட்டு மட்டும் நாலு தடவை போன் பண்ணத் தெரிஞ்சுதே."

அக்கா தன் போனை எடுத்து மேலாளரின் மூக்குக்கு நேரே நீட்டினார். பின்னால் நின்று நானும் எட்டிப் பார்த்தேன். ஒல்லி முகம், நெற்றியில் விழும் முடி, வெயிலுக்குச் சுருங்கிய கண். நான் கண்ணீர் விட்டது யாரோ ஓர் அந்நியருக்கு. அவர் எங்கேயாவது நன்றாக இருக்கட்டும்.

இருவர் வந்து படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள். மேலாளர் கையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்தார்.

"ரொம்ப ஸாரி, மேடம். நேரமும் ஆகுது. நேரா மூணாவது நிகழ்ச்சிக்குப் போயிடலாமா?"

முகம் வேண்டாம், கையெழுத்துப் போதும்.

அக்கா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "என்கூட போன்ல பேசின பொண்ணு வந்திருக்கா?"

கையைப் பாதி உயர்த்தினேன்.

"அன்னைக்கு என்னமோ முணுமுணுத்தியே, அத இப்பச் சொல்லு. கடைசி நாற்காலிக்கும் கேக்கணும்."

"சாவி இவங்க கைக்குப் போனா," என்றேன், "இவங்க எழுதறதயெல்லாம் அவர் பாத்துச் சரின்னு சொன்னதா ஆயிடும். அதுல தப்பு வந்தா அவர் தலையில விழும். தவறு என்னுடையதுன்னு சொல்ல அவர் இல்ல."

"நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்றார் மேலாளர்.

"லேப்ல வேலை பாக்கறேன். உங்க மிஷினத்தான் தினமும் தொடைக்கறேன்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"இது ஒரு ஃபார்மாலிட்டிதாங்க. ஆயிரக்கணக்கான ஆஸ்பத்திரி இந்தக் கையெழுத்த நம்புது."

"அவர நம்புது. உங்கள நம்பணும்னா உங்க பேர்ல போடுங்க. யார் வேணாம்னா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அக்கா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சரி, குடுக்கல. என் பீரோவுலயே இருக்கட்டும்."

"நாளைக்கு வேற யாராவது கேட்டு வருவாங்கக்கா."

சாவி உருவாக்கும் எவரும் கூடவே ஒரு ரத்துக் கோப்பையும் உருவாக்கி வைப்பது எங்கள் வழக்கம். அவரும் வைத்திருப்பார். அதை வெளியிட்டால், அதுவரை போட்ட கையெழுத்துகள் அப்படியே நிற்கும். அந்தச் சாவியால் புதிதாக ஒன்றை யார் போட்டாலும், நாங்களே போட்டாலும், எந்தக் கணினியும் ஏற்காது. திரும்பப் பெறவும் முடியாது. மற்ற மூவரோடு முன்பே பேசிவிட்டேன். இனி நாங்கள் எங்கள் பெயரில், எங்கள் சாவியால் தொடர்வோம். இதையெல்லாம் அக்காவிடம் திக்கித் திக்கிச் சொன்னேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அவன இன்னொரு தடவை அனுப்பி வெக்கச் சொல்றே."

"ஆமாக்கா." வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

"நல்லாத்தான் ஆறுதல் சொல்றே போ," என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பிறகு பென் டிரைவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மேடம், அவசரப்படாதீங்க. எங்க வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு..."

"உங்க வக்கீலுக்காவது என் தம்பி மூஞ்சி தெரியுமா?"

மடிக்கணினியைத் தொடையில் வைத்துத் திறந்தேன். இரண்டு கோப்புகள் இருந்தன. இரண்டாவது ரத்துக் கோப்பு; அதை வெளியிடப் போனதும் உறுதியாகவா என்று திரை கேட்டது. அக்காவின் பக்கம் திருப்பினேன். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரலால், அழைப்பு மணியை அழுத்துவதுபோல நெடுநேரம் அழுத்தினார்.

மறுநாள் அறிக்கைகள் வழக்கம்போல வந்தன, ஆனால் எங்கள் பரிசோதனைக் கூடத் திரையிலேயே சிவப்பு எச்சரிக்கை நின்றது. 'இந்தச் சாவி ரத்து செய்யப்பட்டது.' மருத்துவர் என்னவென்று கேட்டார். நின்று விளக்கினேன். மாலையில், மென்பொருளின் பொதுப் புகார்ப் பக்கத்தில் அந்த நிறுவனத்தின் பெயரில் ஒரு புகார் வந்திருந்தது. 'எங்கள் எல்லாக் கருவிகளிலும் எச்சரிக்கை வருகிறது. மிக அவசரம். பிழையை உடனே நீக்கவும்.'

'இது பிழை இல்லை. சாவிக்கு உரியவர் இறந்துவிட்டார்' என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் அதுவரை என் பெயரின் முதல் எழுத்தை மட்டும்தான் போட்டுவந்தேன். அன்று முழுப் பெயரையும் போட்டுப் புகாரை மூடினேன்.