கைப்பேசி பொறுக்கிய மல்லாட்டைக் கொல்லை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: எழுத ஒன்றும் கிடைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தக் கதையைத் தேடிப் போனேன். கைப்பேசியில் ஒரு செயலி. அமுக்கினால், பத்துக் கிலோமீட்டருக்குள் ஏதோ ஒரு புள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தரும். எனக்கு விழுந்த புள்ளி, செஞ்சிக்கு வெளியே ஒரு காட்டுக்குள்.

வண்டி ஓட்டியவன் சாலமன், பஸ் ஸ்டாண்ட் பக்கம் கைப்பேசி பழுதுபார்க்கும் நண்பன். "யோவ், இது தானா பொறுக்குனதுன்னு எவன் சொன்னான்? எவனோ நம்பள வரவைக்கிறான்யா" என்று வழி முழுக்கச் சந்தேகப்பட்டான்.

2

காடு மௌனமாக எங்களை வரவேற்—

(அடித்துவிட்டேன். காரைமுள் சட்டையைப் பிடித்து இழுத்ததை வரவேற்பு என்று எழுத முடியாது.)

புதருக்குள் மர்மமான ஓர் உருவம்—

(இதுவும் வேண்டாம். அது நான்தான், பாறையில் சறுக்கி உட்கார்ந்த நிலையில்.)

காடு முடிகிற ஓரத்தில் புள்ளி வந்தது. பக்கத்திலேயே மல்லாட்டைக் கொல்லை. மல்லாட்டை, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். வந்ததற்கு அடையாளமாக ஒரு கல்லில் எண்களையும் தேதியையும் அழியாத மார்க்கரால் எழுதினேன்.*

* அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

3

"இன்னாத்துக்கு கல்லுல நம்பர் போடற?"

களைக்கொட்டோடு ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும்.

"சும்மாதாங்க்கா."

"சும்மா எவனாவது இந்த வெயில்ல முள்ளுக்குள்ள வருவானா? போன வருசம் ரெண்டு பேரு இப்டித்தான் போனப் பாத்துக்கினே வந்தானுங்க, கல்லுல நம்பர் போட்டானுங்க. அடுத்த மாசம் என் ஓரகத்தி கொல்லையச் சுத்தி கம்பி வேலி. எனக்கும் பட்டா கெடையாது. முப்பது வருசமா பயிர் வெச்சிக்கினு இருக்கேன்."

"யக்கா, இவரு கதை எழுதறவரு" என்றான் சாலமன்.

"அப்ப இது காத்தாயி கொல்லைன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு."

என் எழுத்து எந்த அலுவலகத்திலும் செல்லாது என்பதை எப்படிச் சொல்ல? கல்லில் போட்டதையாவது அழிக்கலாமென்று எச்சில் தொட்டுத் தேய்த்தேன். அவள் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். எண்கள் அசையவில்லை. கடைசியில் நானும் சாலமனும் கல்லைப் புரட்டிப் போட்டோம்.

"கல்லு குப்புறப் படுத்துக்கிச்சு. போன்ல இருக்குதே?"

அவள் கண்முன்னே அழித்தேன்.

"ஒன் மண்டையில?"

4

அதனால்தான், வாசகரே, இந்தக் கதையில் எண்கள் இல்லை. சிங்கவரம் பக்கமா, மேல்சித்தாமூர் பக்கமா என்றெல்லாம் ஊகிக்காதீர்கள். காத்தாயி அவள் பெயரில்லை. (ஓரகத்தியும் ஓரகத்தி இல்லை, நாத்தனார். போதும், இதற்கு மேல் கேட்காதீர்கள்.)

கிளம்பும்போது என் எண்ணை வாங்கிக்கொண்டாள். அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்து, என் சட்டைப்பையில் மணி அடிக்கிறதா என்று பார்த்த பிறகே விட்டாள்.

"எவனாவது அளக்க வந்தா ஒனக்குத்தான் போன் போடுவேன். நீ வந்து நிக்கணும்."

"வரேங்க்கா."

முடிவு அ: யாரும் வரவில்லை, மல்லாட்டை விளைந்தது. முடிவு ஆ: வந்தார்கள், நான் வெளியூரில் இருப்பதாகப் பொய் சொன்னேன். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டாவதில்தான் கை சரளமாக ஓடுகிறது. அதிலிருந்து எனக்கு என் மேலேயே சந்தேகம்.

எனவே மூன்றாவதைத் தொடங்கி மட்டும் தருகிறேன்:

காத்தாயியின் அழைப்பு வந்தது. நான்—

(இங்கிருந்து நீங்கள் எழுதுங்கள். என்னை நல்லவனாகக் காட்ட வேண்டாம். போனை எடுக்க மட்டும் வையுங்கள்.)