அறைக்குள் இருந்த இரைச்சல்

மற்றவர்கள் குரலில் ஒட்டியிருக்கும் தூசியைத் தட்டி எடுப்பதுதான் அவர் தொழில். ஒலிப்பதிவுக் கூடத்தில் 'காது' என்றால் அவரைத்தான் சொல்வார்கள். படிப்பவர் எச்சில் விழுங்கினாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவரின் வீட்டில் மூன்று மாதமாக ஓர் இரைச்சல் வாடகை தராமல் குடியிருந்தது. அது எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

மனைவி ஒன்பது வயது மகளோடு வேறு ஊருக்குப் போனதும் அதே மூன்று மாதம் முன்புதான். வேலை மாற்றல் என்பது ஒரு சாக்கு. "ஊர்ல இருக்கிறவங்க மூச்சு விடறதுகூட உங்களுக்குக் கேக்குது. நான் பேசறது மட்டும் கேக்கறதில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினாள். திரும்பி வருவதா, அங்கேயே இருந்துவிடுவதா என்று பள்ளி ஆண்டு முடியும்போது சொல்வதாகச் சொல்லியிருந்தாள். அதற்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. இதுவரை அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இவரும் கூப்பிடவில்லை. வீம்பில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் மகள் மட்டும் அம்மாவின் போனில் ஒரு கதையைப் படித்துப் பதிவு செய்து அனுப்புவாள். வேலையெல்லாம் கூடத்திலேயே முடிந்துவிடும் என்பதால், வீட்டு ஸ்பீக்கரில் அவர் கேட்பது அந்தக் குரலை மட்டும்தான். அதைத் தவிர அந்த வீட்டில் பேச்சே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் தொண்டை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகவே கதவைத் திறந்து பேப்பர்காரரிடம் மணி கேட்டார். கையில் கடிகாரம் கட்டியிருந்தார்.

மகளின் குரலுக்கு அடியில் ஒவ்வொரு தடவையும் ஒரு மெல்லிய ரீங்காரம் ஓடியது. மட்டமான போன் என்று முடிவு கட்டினார். தொழில்காரர் கை சும்மா இருக்குமா? ஓர் அளவுக்குக் கீழே இருக்கும் சத்தத்தையெல்லாம் மூடிவிடும் வடிகட்டியைப் போட்டு, வாக்கியங்களுக்கு நடுவிலும் முடிவிலும் இருந்ததைப் பளிச்சென்று துடைத்தார். துடைத்ததைப் பழையதன் மேலேயே அதே பெயரில் சேமித்தார். இரண்டு பிரதி வைத்திருந்தால் என்றாவது தப்பானது வாடிக்கையாளருக்குப் போய்விடும் என்பது அவர் சொந்தச் சட்டம். திரையில் கோடு தட்டையானதைப் பார்த்ததோடு சரி, மறுபடி போட்டுக் கேட்காமல் பதினோரு வாரம் இப்படியே துடைத்தார்.

பன்னிரண்டாவது பதிவு வந்த வெள்ளிக்கிழமை கூடத்தில் ஏசி பழுது. சனிக்கிழமை பகலில் வேலையை வீட்டுக்கே கொண்டு வந்தார். கூடத்தில் கண்ணாடி மாதிரி இருந்த வாடிக்கையாளர் பதிவு அது. வீட்டு ஸ்பீக்கரில் போட்டதும் அதே ரீங்காரம் கேட்டது. மவுஸை நகர்த்தினார், ரீங்காரமும் கூடவே நெளிந்தது. பதிவை நிறுத்தினார், கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் தானாக உறங்கிப்போக, அதுவும் அடங்கியது. மகள் பதிவு செய்த போன் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

கேபிளை மாற்றிப் பார்த்தார். டியூப்லைட்டை அணைத்தார், ஃப்ரிட்ஜைக்கூட நிறுத்தினார். ஒன்றும் பலிக்கவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கியதும் சட்டென்று அமைதி. செருகினால் மறுபடி ரீங்காரம். ஸ்பீக்கர் விற்ற கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"எர்த் பின்னைப் பிடுங்கிப் போடுங்க சார், சத்தம் போயிடும்."

"சத்தத்தோட நானும் போயிடுவேனே."

கடைக்காரர் சிரித்தார். "அப்போ ஒண்ணு சொல்லுங்க. கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் ஒரே பிளக்குலயா இருக்கு?"

இல்லை. கம்ப்யூட்டர் இந்தச் சுவரில் இருந்தது. ஸ்பீக்கர்கள் எதிர்ச் சுவரில், மனைவியின் தையல் மெஷின் இருந்த மூலையில். அவள் போன மறுநாளே, இடம் காலியாகிவிட்டது என்று அவற்றை அங்கே தள்ளி, மெஷினின் பிளக்கிலேயே செருகியிருந்தார்.

"அதான் சார். எர்த் ரெண்டு வழியா சுத்துது. எல்லாத்தையும் ஒரே போர்டுல குத்துங்க."

குத்தினார். ரீங்காரம் போய்விட்டது. அறை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. இன்னும் துடைக்காத பன்னிரண்டாவது பதிவைப் போட்டார்.

மகள் படித்து முடித்து, "அவ்ளோதான்ப்பா" என்றாள். அதன் பிறகும் பதிவு ஓடியது. எங்கோ ஒரு தட்டு வைக்கும் சத்தம். பிறகு மகள் கேட்டாள்: "இந்த வாரம் நீங்க ஒண்ணும் கேக்கலியாம்மா?"

தள்ளி இருந்து மனைவியின் குரல் வந்தது. "பதினோரு வாரமா சாப்பிட்டாரா, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாச்சு. ஒரு பதில் இல்ல."

"அப்பாக்கு கேட்டிருக்காதும்மா."

"அவர் காதுக்கா கேக்காது? வேணாம்னு இருக்கார். விடு."

பழைய பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். வால்யூமை முழுசாகத் திருப்பினார். "அவ்ளோதான்ப்பா"வுக்குப் பிறகு எதிலும் ஒன்றும் இல்லை. அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தார். தன் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது அவருக்கு.

போன் போட்டார். மகள்தான் எடுத்தாள்.

"பாப்பா, நீ அனுப்பின பழசெல்லாம் போன்ல இருக்கா?"

"இல்லப்பா, இடமே இல்ல. அனுப்பினதும் அழிச்சிடுவேன். உங்ககிட்ட இருக்குமில்ல?"

"அம்மா எங்கே?"

"இங்கதான். துணி மடிக்கிறாங்க."

எர்த், ஒயர், வடிகட்டி என்று ஆரம்பித்தால் அவள் அதையும் ஒரு சாக்கு என்பாள்.

"அம்மா கேட்டதெல்லாம் இன்னிக்குத்தான் என் காதுல விழுந்துச்சுன்னு சொல்லு. தப்பு என்னோடதுதான்னு சொல்லு. இன்னும் சாப்பிடலைன்னும் சொல்லு."

மகள் அப்படியே ஒப்பித்தாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தள்ளி இருப்பவர்கள் குரலைப் போன் தானே மட்டுப்படுத்திவிடும் என்பது அவருக்குத் தெரியாததா?

"என்ன சொன்னாங்க?"

"மடிக்கிறதை நிறுத்திட்டாங்க."

"சரி. போனை அவங்க பக்கத்துல வெச்சிட்டு நீ போய் விளையாடு. பேசணும்னு கட்டாயம் இல்ல. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்னு மட்டும் சொல்லு."

எழுந்து போர்டின் சுவிட்சை அணைத்தார். ஃபேனையும் நிறுத்தினார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தையல் மெஷின் இருந்த மூலையில் தரையில் உட்கார்ந்தார்.